பாசத்துக்குப் பயிற்சியா? குழந்தை–பெற்றோர் பிணைப்புத் திட்டங்கள் கற்றுத்தருவது என்ன

“பெற்ற பிள்ளையிடம் பாசமாக இருக்கக்கூடவா வகுப்பு?” பெற்றோர் பயிற்சித் திட்டங்கள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெற்றோர் பயிற்சிக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரிட்டனில் சிகிச்சைகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு, குழந்தைகளின் பிணைப்புச் சிக்கல்கள் பற்றி 2015 நவம்பரில் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பும் நிலை வராமல் தடுக்கும் பயிற்சிகளுக்கு மத்திய அரசின் பணத்தைச் செலவிட, அமெரிக்காவில் 2018இல் ஒரு சட்டமே வந்தது.

இவற்றிலெல்லாம் அடிபடும் சொல் ‘அட்டாச்மென்ட்’. தமிழில் பிணைப்பு என்றும் பற்று என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே பாசத்தை நினைவூட்டுவதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாசம் கொட்டிக் கிடக்கும் வீட்டிலும் பிணைப்பு குலைந்திருக்கலாம். பெற்றோரைப் பாசக்காரர்களாக மாற்றுவது இந்தத் திட்டங்களின் நோக்கமும் இல்லை. குழந்தை அழும்போதோ சிணுங்கும்போதோ கையை நீட்டும்போதோ, அடுத்த சில நொடிகளில் பெரியவர் என்ன செய்கிறார் என்பதுதான் அவற்றின் இலக்கு. அந்தச் சில நொடிகளுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பிணைப்பு: பயம் வந்தால் ஓடும் திசை

பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் மனநிலை குறித்து உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் ஓர் அறிக்கை எழுதினார். தாயிடமிருந்து நீண்ட காலம் பிரிக்கப்பட்ட குழந்தை ஏன் இப்படி உடைந்துபோகிறது என்ற கேள்விக்கு, அன்றைய உளப்பகுப்பாய்வில் அவருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதே அப்போதைய பொதுக் கருத்து. பவுல்பி விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் பக்கம் திரும்பினார். மனிதக் குட்டியால் ஓட முடியாது, சண்டை போட முடியாது. காப்பாற்றக்கூடிய ஒருவரின் அருகில் இருப்பது மட்டுமே அதற்குள்ள ஒரே தற்காப்பு. பயம், வலி, களைப்பு, தெரியாத முகம் என்று ஏதாவது ஒன்று வந்ததும் உள்ளே ஒரு மணி அடிக்கிறது. அந்த ஒருவரின் கைக்குள் போனதும் மணி நிற்கிறது. பிணைப்பு என்று அவர் சொன்னது இந்த ஏற்பாட்டைத்தான்.

தவழும் வயதுக் குழந்தை ஒன்றைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். மடியிலிருந்து இறங்கி, அறையின் மூலையில் கிடக்கும் பந்தை நோக்கிப் போகும். பாதி வழியில் நிற்கும். திரும்பிப் பார்க்கும். அம்மா அங்கேயே இருக்கிறாள், பார்த்துக்கொண்டும் இருக்கிறாள் என்றால் மேலே தவழும். எங்காவது ஒரு பாத்திரம் விழுந்து சத்தம் கேட்டால் பந்தை மறந்துவிட்டு வந்த வழியே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். புறப்படுவதற்கு ஒரு தளம், திரும்பி வர ஒரு புகலிடம்: ஒரே ஆள் இரண்டுமாக இருக்கிறார். ‘பாதுகாப்பான பிணைப்பு’ என்றால் குழந்தை இந்த இரண்டையும் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறது என்று பொருள்.

ஆறேழு மாத வாக்கில்தான் இந்த ஏற்பாடு குறிப்பிட்ட ஆட்களை நோக்கித் தெளிவாகத் திரும்புகிறது. பல பயிற்சிகள் 6 மாதக் குழந்தைகளிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் இது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் சில விஷயங்களை இங்கேயே விலக்கிவிடலாம்:

1. பிரசவம் முடிந்தவுடன் குழந்தையைத் தாயின் மார்பில் போடுவது நல்ல பழக்கம். அதற்கும் இந்தப் பிணைப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிணைப்பு மாதக்கணக்கில் உருவாவது. அந்த முதல் மணி நேரத்தைத் தவறவிட்ட தாய் எதையும் இழந்துவிடவில்லை.

2. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் வில்லியம் சியர்ஸ் பரப்பிய ‘அட்டாச்மென்ட் பேரன்டிங்’ வேறு. எப்போதும் உடம்போடு கட்டிச் சுமப்பது, ஒரே படுக்கை, நீண்ட காலத் தாய்ப்பால் எல்லாம் அதன் கட்டளைகள். புட்டிப்பால் குடித்துத் தொட்டிலில் தனியே தூங்கும் குழந்தைக்கும் பாதுகாப்பான பிணைப்பு அமையும்.

3. பிணைப்பு ஓர் உறவின் பெயர். குழந்தையின் குணத்தின் பெயராக அதைச் சொல்வது தவறு. ஒரே குழந்தைக்கு அம்மாவிடம் ஒரு மாதிரியும், அப்பாவிடமோ பாட்டியிடமோ வேறு மாதிரியும் இருக்கலாம்.

இருபது நிமிடச் சோதனை

பவுல்பியின் யோசனையை அளந்து பார்க்கக் கூடியதாக ஆக்கியவர் உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த். 1950களில் உகாண்டாவில் தாய்களையும் குழந்தைகளையும் வீட்டுக்கே போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை, குழந்தை பிறந்த முதல் ஆண்டு முழுக்க, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று உட்கார்ந்து கவனித்தார். ஆண்டு முடிவில் அவர் வைத்ததுதான் ‘அந்நியச் சூழல்’ சோதனை. இன்றுவரை இந்தத் துறையின் தராசு அதுதான்.

அறையில் பொம்மைகள். தாயும் 12 முதல் 18 மாதக் குழந்தையும் வருகிறார்கள். தெரியாத ஒரு பெண் உள்ளே வருகிறார். தாய் வெளியே போகிறார், திரும்பி வருகிறார். மறுபடி போகிறார். இந்த முறை குழந்தை தனியாக இருக்கிறது. அந்நியர் வருகிறார், கடைசியில் தாய் வருகிறார். ஒவ்வொரு கட்டமும் அதிகபட்சம் மூன்று நிமிடம். குழந்தை அதிகமாக அழுதால் உடனே சுருக்கிவிடுவார்கள்.

தாய் வெளியேறும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. கவனிக்க வேண்டியது தாய் திரும்பி வரும் கணம்.

- பாதுகாப்பான பிணைப்பு: அழுதிருந்தால் நேராகத் தாயிடம் போகும், தூக்கச் சொல்லும், சிறிது நேரத்தில் தெளிந்து விளையாடப் போய்விடும். பொதுவான குடும்பங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படி.
- விலகும் பிணைப்பு: தாய் வந்தும் கண்டுகொள்ளாதது போல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும்.
- தவிக்கும் பிணைப்பு: தூக்கினால் உதறும், இறக்கினால் அழும். சமாதானமே ஆகாது.
- குலைந்த பிணைப்பு: எந்த வகையிலும் அடங்காதவை. முகத்தைத் திருப்பிக்கொண்டே தாயை நோக்கி நடக்கும், பாதியில் உறைந்து நிற்கும், தரையில் அப்படியே படுத்துவிடும்.

இரண்டாம் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. “பாருங்க, எவ்வளவு சமத்து, அழவே இல்லை” என்று நாம் பாராட்டும் குழந்தை இதுவாகவும் இருக்கலாம். அப்படி அமைதியாகத் தெரியும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது அதுவும் எகிறியிருந்தது. பதற்றம் இருக்கிறது; காட்டினால் பலனில்லை என்று குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இரண்டாவதும் மூன்றாவதும் நோய்கள் அல்ல. கிடைத்த பெரியவரிடம் காலம் தள்ளுவதற்குக் குழந்தை கண்டுபிடித்த வழிகள் அவை. அந்த வழியும் இல்லாமல் போவதுதான் நான்காவது. அதை 1980களில் அடையாளம் கண்டவர்கள் மேரி மெயினும் ஜூடித் சாலமனும்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’

இந்தப் பழமொழியைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு வயதுக் குழந்தையின் இடத்திலிருந்து யோசித்தால் குலைந்த பிணைப்பின் முழு விளக்கமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பயந்தால் யாரிடம் ஓட வேண்டுமோ அவரே பயத்துக்குக் காரணமாக இருந்தால், ‘கிட்டே போ’ என்ற கட்டளையும் ‘தப்பி ஓடு’ என்ற கட்டளையும் ஒரே நொடியில் பிறக்கின்றன. உறைந்து நிற்பது அதனால்தான்.

அடி மட்டும் காரணமாக வேண்டும் என்றில்லை. பெரியவரே பயந்து நடுங்குபவராக இருக்கலாம். பழைய அதிர்ச்சி ஒன்று திடீரென மேலெழும்பிக் குழந்தையின் முன்னாலேயே வெறித்துப்போய்விடும் தாயாக இருக்கலாம். நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகளிடம் தென்படும் இந்த வகை, வதையும் புறக்கணிப்பும் நடந்த குடும்பங்களில் பாதியளவில் தொடங்கி, சில ஆய்வுகளில் 80 சதவீதம்வரை போயிருக்கிறது. வதை எதுவும் இல்லாத வீடுகளிலும், வறுமை, குறைந்த படிப்பு, தனியாளாக வளர்ப்பது, போதைப் பழக்கம் போன்ற நெருக்கடிகள் ஐந்தோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்தால், குலைந்த பிணைப்பின் அளவு வதை நடந்த குடும்பங்களுக்கு இணையாக ஏறிவிடுகிறது என்று 2010இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. (தொகுப்பாய்வு என்பது ஒரே கேள்வியைக் கேட்ட பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடுவது.) ‘கெட்ட பெற்றோர்’ என்று ஒரு வகையினர் தனியாக இருப்பதாக நினைப்பவர்கள் இந்த ஒரு முடிவோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

குலைந்த பிணைப்பு கொண்ட குழந்தைகளிடம் பிற்காலத்தில் முரட்டுத்தனமும் கட்டுக்கடங்காத நடத்தையும் சராசரியைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. ‘சராசரி’ என்பதை அழுத்திப் படிக்கவும். தனியொரு குழந்தையின் எதிர்காலத்தை இதை வைத்துச் சொல்லவே முடியாது.

கற்றுத்தருவது எதை?

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: குறிப்பறிதல். எயின்ஸ்வொர்த் அதை நான்கு படிகளாகப் பிரித்தார்.

1. குழந்தையின் குறிப்பைக் கவனிப்பது.
2. அதைச் சரியாகப் புரிந்துகொள்வது. பசியா, தூக்கமா, பயமா, சலிப்பா?
3. பொருத்தமாக எதிர்வினை செய்வது.
4. தாமதமின்றிச் செய்வது. நேரம் கடந்தால் தன் அழுகைக்கும் உங்கள் வருகைக்கும் உள்ள தொடர்பைக் குழந்தையால் போட்டுப் பார்க்க முடியாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு முதல் படியே எட்டாமல் போகலாம். தானே வதைபட்டு வளர்ந்தவருக்கு இரண்டாவது படி சறுக்கலாம்: குழந்தையின் அழுகை அவருக்கு “என்னைப் பழிவாங்குகிறான்” என்று கேட்கும். எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பயிற்சிகளும் வேறுபடுகின்றன.

ஏபிசி: வரவேற்பறைத் தரையில் பத்து வாரம்

‘ஏபிசி’ (Attachment and Biobehavioral Catch-up என்பதன் சுருக்கம்) அமெரிக்காவின் டெலவர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியர் உருவாக்கிய பயிற்சி. முதலில் வளர்ப்புப் பெற்றோருக்காகத் தொடங்கி, பிறகு குழந்தைப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பில் உள்ள குடும்பங்களுக்கும் விரிந்தது. பத்துச் சந்திப்புகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம், வீட்டிலேயே நடக்கும். இலக்குகள் மூன்றுதான்: குழந்தை கலங்கும்போது அரவணைப்பது, விளையாட்டில் அதன் போக்குக்கு விடுவது, பயமுறுத்தும் நடத்தையைக் கைவிடுவது.

சொற்பொழிவு கிடையாது. பயிற்றுநர் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நடந்ததை நடந்த நொடியிலேயே எடுத்துச் சொல்வார். ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். குழந்தை மேசைக்காலில் முட்டிக்கொள்கிறது. தாய் பயிற்றுநரிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். பயிற்றுநர் உடனே குறுக்கிட்டு, “அவன் முட்டிக்கிட்டதும் நீங்க பேசிக்கிட்டே கையை நீட்டிட்டீங்க பாருங்க. வலிச்சா அம்மாகிட்ட போகலாம்னு அவனுக்கு இதுலதான் தெரியுது” என்கிறார். தாய்க்குத் தான் செய்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் செய்ததற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

பயிற்றுநர் இப்படி நிமிடத்துக்கு ஒன்றாவது சொல்ல வேண்டும் என்பது விதி. சந்திப்புகளைப் படம்பிடித்து, எத்தனை சொன்னார், சரியாகச் சொன்னாரா என்று எண்ணியே பார்க்கிறார்கள். கூடுதலாகவும் சரியாகவும் சொன்ன பயிற்றுநர்களிடம் பயின்ற பெற்றோரே கூடுதலாக மாறினார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அல்லல்பட்ட குழந்தைகள் அரவணைப்பை எளிதில் ஏற்பதில்லை. தூக்கப் போனால் தள்ளிவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வளர்ப்புத் தாய் “இதுக்கு நான் வேண்டாம்போல” என்று விலகுகிறார். குழந்தை இன்னும் விலகுகிறது. குழந்தை கேட்காவிட்டாலும் அதற்குத் தேவை இருக்கிறது, அது அனுப்பும் குறிப்பே தவறான குறிப்பு என்று புரியவைப்பதுதான் முதல் இரண்டு சந்திப்புகளின் வேலை. குறிப்பறிதலில் கடினமான பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: சொன்னதற்கு எதிராகப் படிப்பது.

விஐபிபி: நிறுத்தி வைத்த படம்

‘விஐபிபி’ (Video-feedback Intervention to promote Positive Parenting என்பதன் சுருக்கம்) நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஃபெம்மி யூஃபரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை. தாயும் குழந்தையும் விளையாடுவதை, சாப்பிடுவதைச் சில நிமிடங்கள் படம்பிடிக்கிறார்கள். அடுத்த சந்திப்பில் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டி, அங்கங்கே நிறுத்தி, குழந்தையின் குரலாகப் பயிற்றுநர் பேசுகிறார்: “இதை நானே திறந்துட்டேன், நீ பார்த்தியா?” முதல் இரண்டு சந்திப்புகளில் நல்ல தருணங்கள் மட்டும். தவறிய தருணங்கள் மூன்றாவதற்கு மேல்தான். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் திருத்துவதற்கு இந்த வரிசை முக்கியம். மொத்தம் ஆறேழு வீட்டுச் சந்திப்புகள். அதுவரை நடந்த 25 ஆய்வுகளை 2023இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் பெற்றோரின் குறிப்பறிதலும் குழந்தையின் பிணைப்பும் மேம்பட்டது உறுதியானது.

‘பாதுகாப்பு வட்டம்’, தாய்–சேய் உளசிகிச்சை

அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மூன்று சிகிச்சையாளர்கள் தொடங்கிய ‘பாதுகாப்பு வட்டம்’ குழுவாக உட்கார்ந்து செய்வது. அதில் ஒரு சின்னப் பாடம் கைதட்டலுக்குரியது. கடற்கரைப் பாதை ஒன்றின் காணொளியை மெல்லிய இசையோடு ஒரு முறை, திகில் இசையோடு ஒரு முறை போட்டுக்காட்டுகிறார்கள். பாதை ஒன்றுதான். இரண்டாம் முறை சுறா வந்துவிடுமோ என்று உடம்பு பதறுகிறது. குழந்தை அழும்போது உங்கள் மனதில் எந்த இசை ஓடுகிறது என்று அடுத்து கேட்கிறார்கள்.

தாய்–சேய் உளசிகிச்சை இவற்றைவிட ஆழமும் நீளமும் கொண்டது. செல்மா ஃப்ரைபர்க் 1970களில் போட்ட அடித்தளத்தில் அலிசியா லீபர்மன் வளர்த்தெடுத்தார். வாரம் ஒரு முறை, சுமார் ஓர் ஆண்டு. தாயின் சொந்தக் குழந்தைப் பருவம் இன்றைய குழந்தையின் அறைக்குள் எப்படி வந்து நிற்கிறது என்பதைப் பேசித் தீர்ப்பது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இங்கே குலுக்கல் முறை முக்கியம். பாதிக் குடும்பங்களுக்கு இந்தப் பயிற்சி, மீதிக்கு வேறொரு சேவை என்று குலுக்கிப்போட்டுப் பிரித்தால்தான், மாற்றம் பயிற்சியால் வந்ததா தானாக வந்ததா என்று தெரியும்.

- ஏபிசி, 2012: குழந்தைப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பில் இருந்த 120 குழந்தைகள். குலைந்த பிணைப்பு பயிற்சி பெற்ற குழுவில் 32 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 57. பாதுகாப்பான பிணைப்பு 52, ஒப்பீட்டில் 33.
- நெதர்லாந்து, 1994: எரிச்சல் சுபாவத்தோடு பிறந்த 100 குழந்தைகள், ஏழைக் குடும்பங்கள், வெறும் மூன்று வீட்டுச் சந்திப்புகள். பாதுகாப்பான பிணைப்பு 62 சதவீதம், ஒப்பீட்டில் 22.
- தென்னாப்பிரிக்காவின் கயேலிட்ஷா, 2009: 449 கர்ப்பிணிகள். பயிற்சியளித்தவர்கள் அதே குடியிருப்பைச் சேர்ந்த, தொழில்முறைத் தகுதி எதுவும் இல்லாத பெண்கள். 16 வீட்டுச் சந்திப்புகள். 18 மாத வயதில் பாதுகாப்பான பிணைப்பு 74 சதவீதம், ஒப்பீட்டில் 63.

மூன்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கடும் வறுமையில், பட்டம் பெறாத பெண்களை வைத்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களில் கிடைத்த வித்தியாசம். பல்கலைக்கழக ஆய்வகம் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு அதிகம் பயன்படும் எண் அதுதான்.

குலுக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. ‘பாதுகாப்பு வட்டம்’ திட்டத்தின் 20 வாரப் பயிற்சிக்குப் பிறகு குலைந்த பிணைப்பு 60 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது என்று 2006இல் முடிவு வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. அதே திட்டத்தின் சுருக்கமான வடிவத்தை 2017இல் 141 தாய்களிடம் குலுக்கல் முறையில் சோதித்தபோது, குழந்தையின் பிணைப்பில் ஒட்டுமொத்த மாற்றம் தெரியவில்லை. தாய்கள் குழந்தையின் அழுகைக்குக் கடுமை காட்டுவது மட்டும் குறைந்திருந்தது. அதுவும் சும்மா கிடைப்பதில்லை. இருந்தாலும் விளம்பரப்படுத்தப்படும்போது பெரும்பாலும் கண்ணில் படுவது முதல் எண்ணாகத்தான் இருக்கும்.

மூன்று சந்திப்பா, ஐம்பது சந்திப்பா?

துறைக்குள் இன்னும் ஓயாத வாக்குவாதம் இது. லைடன் குழு 2003இல் 88 திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்தது. நீண்ட, ஆழமான திட்டங்களே வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். முடிவு தலைகீழ். சந்திப்புகள் குறைவாக இருந்தவை, பெற்றோரின் நடத்தையை மட்டும் குறிவைத்தவை, குழந்தைக்கு 6 மாதம் ஆன பிறகு தொடங்கியவைதான் நன்றாக வேலை செய்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் புறப்பட்ட திட்டங்கள் எதையும் அழுத்தமாகச் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘குறைவே போதும்’ என்று நிதி ஒதுக்குபவர்கள் சந்தோஷப்படுவது இயல்பு. அவசரப்படக்கூடாது. அந்தத் தொகுப்பிலேயே சராசரிப் பலன் சிறியது. குறிப்பறிதல் ஓரளவு கூடியது. பிணைப்பு அதைவிடக் குறைவாகத்தான் மாறியது. குறிப்பறிதலுக்கும் பிணைப்புக்கும் உள்ள தொடர்பே மிதமானது என்று 1997இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். இடையில் வேறு ஏதேதோ வேலை செய்கிறது.

அடுத்தது அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த ஆய்வு. வதை நடந்த குடும்பங்களைச் சேர்ந்த, ஒரு வயதை ஒட்டிய குழந்தைகள். தொடக்கத்தில் அவர்களிடம் பாதுகாப்பான பிணைப்பு அநேகமாக இல்லவே இல்லை. ஒரு குழுவுக்கு ஓராண்டு உளசிகிச்சை, இன்னொன்றுக்கு வளர்ப்புத் திறன் கற்பிக்கும் வீட்டுச் சந்திப்புகள், மூன்றாவதற்கு வழக்கமான அரசு சேவை. முடிவில் முதலாவதில் சுமார் 61 சதவீதம், இரண்டாவதில் சுமார் 55 சதவீதம் பாதுகாப்பான பிணைப்பு. வழக்கமான சேவையில் 2 சதவீதம். இதுவரை பார்த்தால் திறன் பயிற்சியே போதும்போல் தோன்றும். பயிற்சிகள் முடிந்து ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தார்கள். உளசிகிச்சைக் குழுவில் பலன் நின்றிருந்தது. திறன் பயிற்சிக் குழுவில் கரைந்திருந்தது.

என் வாசிப்பில் இரண்டு முடிவுகளும் மோதவில்லை. குறிப்பைக் கவனிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஆறு சந்திப்பு போதும். குறிப்பைப் பார்த்தாலே பழைய காயம் கிளறப்படும் பெற்றோருக்குப் போதாது. யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பிரித்தறியும் நம்பகமான வழிதான் இன்னும் பலவீனமாக இருக்கிறது.

எவ்வளவு காலம் தாமதிக்கலாம்?

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். மூன்றரை வயதில் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தோரில் சுமார் 49 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பான பிணைப்பு. காப்பகத்திலேயே விடப்பட்ட குழுவில் சுமார் 18. இரண்டு வயதுக்கு முன் மாறியவர்கள் கூடுதலாக மீண்டார்கள். மீட்சி சாத்தியம், ஆனால் காலம் ஏறஏறச் செலவும் ஏறுகிறது.

நடைமுறையில் எங்கே சறுக்குகிறது

மிக அதிகமாகச் சறுக்குவது நகலெடுப்பதில். ஆய்வில் வென்ற திட்டத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தி, வீட்டுச் சந்திப்பை அரங்கக் கூட்டமாக மாற்றி நடத்தினால் கிடைப்பது வேறொரு திட்டம். ஏபிசியில் நிமிடத்துக்கு ஒரு குறிப்புரை என்று எண்ணுவது அதிகாரப் பித்து கிடையாது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மணி நேர அரட்டை.

அடுத்தது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடும் வீட்டில் குறிப்பறிதலைப் பற்றி மட்டும் பேசுவது. மேலே சொன்ன 2010 தொகுப்பாய்வின்படி நெருக்கடிகளின் எண்ணிக்கையே ஒரு காரணம். அவற்றைத் தொடாமல் பெற்றோரை மட்டும் திருத்தப் பார்க்கும் திட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அப்பாக்கள் பெரும்பாலான ஆய்வுகளில் இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

ஆபத்தான சறுக்கலும் உண்டு. ‘அட்டாச்மென்ட் தெரப்பி’ என்ற பெயரில், குழந்தையைப் பலவந்தமாகப் பிடித்து அமுக்கிவைத்துப் பணியவைக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் புழங்கியது. 2000இல் கொலராடோவில் அப்படியொரு ‘மறுபிறப்பு’ அமர்வில் போர்வைக்குள் சுற்றி அமுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். குழந்தை வதைத் தடுப்பு நிபுணர்களின் அமெரிக்க அமைப்பு 2006இல் இத்தகைய முறைகளை வெளிப்படையாகக் கண்டித்தது. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர, இதற்கும் பவுல்பிக்கும் சம்பந்தமே இல்லை. எந்தத் திட்டமாவது குழந்தையை அடக்குவதையே சிகிச்சை என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

கடைசியாக, நீதிமன்றம். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்குகளில் “குலைந்த பிணைப்பு காணப்பட்டது, ஆகவே வதை நடந்திருக்கிறது” என்று அறிக்கை தாக்கல் செய்யும் போக்கு பரவியது. இந்தத் துறையின் முன்னணி ஆய்வாளர்கள் பலர் 2017இலும் 2021இலும் கூட்டறிக்கை எழுதி அதை மறுத்தார்கள். வதையே இல்லாத வீடுகளிலும் இந்த வகை தென்படுகிறது. இருபது நிமிடச் சோதனை குழுக்களை ஒப்பிட உருவானது, தனியொரு குழந்தையின் தலைவிதியை எழுத அல்ல. கனடாவின் கியூபெக்கில் இதற்கு மாற்றாக வேறொன்றை முயன்று பார்த்தார்கள். குழந்தைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீட்டுக்கு வரும் பெற்றோருக்கு முதலில் காணொளி அடிப்படையிலான எட்டுச் சந்திப்புப் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எட்டு வாரத்தில் அவர் எவ்வளவு மாறினார் என்பதுதான் அறிக்கைக்குள் போகிறது.